ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் மார்க் 2: ஏரோமாடலிங்குக்குத் திரும்புபவர் கையில்

பல ஆண்டுகள் விட்டுப்போன ஏரோமாடலிங்கை, அதாவது ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடும் பொழுதுபோக்கை, மறுபடி கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விமானத்தைத்தான் தேடுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை காலியாகக் கிடக்கிறது என்ற நிலையில், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கும் என்று விற்கப்படும் ஒரு விமானத்தை, அதோடு சேர்ந்தே வரும் சிறிய டிரான்ஸ்மிட்டருடன் (கையில் பிடித்து விமானத்தை இயக்கும் கருவி) வாங்கி வந்துவிடுவது எளிது. என் கருத்து வேறு. விமானம் என்றைக்காவது ஒரு நாள் உடையத்தான் போகிறது. திரும்பி வருபவரின் முதல் விமானம் சற்று சீக்கிரமே உடையும். டிரான்ஸ்மிட்டரோ எத்தனை விமானம் மாறினாலும் கையிலேயே இருக்கும். ஒதுக்கிய பணத்தில் பெரும்பங்கை அதில் போடுவதே நியாயம் என்று நினைத்து ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் மார்க் 2 வாங்கினேன். நானே பால்சா என்ற எடை குறைந்த மரத்தில் கட்டிய ஒரு விமானத்தில் அதை ஒரு பருவம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

நான் வந்த வழியைச் சொல்லாவிட்டால் என் பாராட்டும் குறையும் எதை வைத்து என்பது புரியாது. என்.சி.சி. விமானப் பிரிவில் பால்சா வெட்டக் கற்று, மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் க்ளோ எஞ்சின்களோடு பழகியவன் நான். அன்றைய நான்கு சேனல் (நான்கு தனித்தனிக் கட்டளைகள்) செட்டில் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல்தான் எல்லாம். டிரான்ஸ்மிட்டரிலும் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரிலும் ஒரே எண்ணுள்ள கிரிஸ்டலைச் செருகிக்கொண்டு, மைதானத்தில் வேறு யாராவது அதே எண்ணில் இருக்கிறார்களா என்று உரக்கக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவோம். கேட்காமல் ஒருவர் ஆன் செய்தால் மேலே பறந்துகொண்டிருக்கும் இன்னொருவரின் விமானம் தலைகுப்புற வரும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஆன்டெனாவை முழுக்க இழுத்துவிட்டுத்தான் பறக்க வேண்டும். 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டிஎக்ஸ்6 அதே ஆண்டில் சிறு விமானங்களுக்காக அந்த அலைவரிசையில் வந்தது. அந்த மாற்றம் நம் மைதானங்களுக்கு முழுதாக வந்து சேர்வதற்குள் நான் விலகிவிட்டேன். ஆகவே எனக்கு இந்த டிரான்ஸ்மிட்டர் பழைய செட்டின் அடுத்த மாடலாக வரவில்லை. இடையில் இரண்டு தலைமுறைகளைத் தாண்டி வந்து கையில் உட்கார்ந்தது.

முதலில் கைக்குத் தெரியும் விஷயங்கள். பேட்டரி இல்லாமல் சுமார் 750 கிராம் எடை. பேட்டரி சேர்ந்தால் கழுத்துப்பட்டை இல்லாமல் நீண்ட நேரம் பிடித்திருப்பது மணிக்கட்டுக்கு நல்லதல்ல. கழுத்துப்பட்டை மாட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஸ்டிக்கைப் பிடிக்கும் பழைய பாணிக்காரர்களுக்கு இந்த அகலமும் எடையும் அனுகூலம்தான். கட்டைவிரலால் மட்டும் இயக்கும் இளைஞர்கள் சிறிய செட்டுகளைத் தேடுவதில் வியப்பில்லை. ஸ்டிக்குகளின் அடியில் ஹால் சென்சார்கள் இருக்கின்றன. பழைய செட்டில் கார்பன் தடத்தின் மேல் ஒரு தகடு உரசிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் தடம் தேய்ந்து, ஸ்டிக்கை நடுவில் விட்டாலும் சர்வோ (விமானத்தின் அசையும் பரப்புகளைத் திருப்பும் சிறு மோட்டார்) நடுங்க ஆரம்பிக்கும். இங்கே காந்தம் நகர்வதை சென்சார் தொடாமலே அறிவதால் உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை. ஸ்டிக்கின் விறைப்பையும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் படிப்படியாகக் கடக்கிறதா வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதையும், பின்புற ரப்பர் பிடியைக் கழற்றித் திருகாணிகளால் மாற்றிக்கொள்ளலாம். த்ராட்டில் வலக்கையிலா இடக்கையிலா என்பதையும் இப்படியே மாற்ற முடிகிறது. மோட் 1 (த்ராட்டில் வலக்கையில்) பழக்கத்தோடு வரும் மூத்தவர்கள் இதற்காகவே தனியாக ஒரு செட் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் பேட்டரி வராது. இரண்டு 18650 லித்தியம் அயான் செல்களையோ, அந்த அறைக்குள் அடங்கும் இரண்டு செல் பேக் ஒன்றையோ நாமே வாங்க வேண்டும். போலி 18650 செல்கள் சந்தையில் ஏராளம். லேபிளில் 9,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அதைக் கையில் எடுக்காமலே வைத்துவிடலாம், ஏனெனில் அந்த அளவு செல்லில் 3,500-ஐ ஒட்டித்தான் உண்மையான கொள்ளளவு நின்றுவிடுகிறது. பொருள் வந்த பிறகு செல்லுக்காக இன்னொரு முறை கூரியருக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே வாங்கட்டும்.

வாங்கும்போது தீர்மானிக்க வேண்டிய பெரிய கேள்வி உள்ளே இருக்கும் ரேடியோ மாட்யூல் (சிக்னலை அனுப்பும் பகுதி) எது என்பது. ஒரு வகையில் நான்கு சிப்புகள் கொண்ட மல்டி புரோட்டோகால் மாட்யூல் வருகிறது. ஃப்ளைஸ்கை, ஸ்பெக்ட்ரம், பழைய ஃபிரஸ்கை, ஃபுடாபாவின் சில வகைகள் என்று பல நிறுவனங்களின் ரிசீவர்களோடு அது பேசும். இன்னொரு வகையில் எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் (சுருக்கமாக எல்ஆர்எஸ்) என்ற ரேடியோ முறை இருக்கிறது. அது தன் இனத்து ரிசீவர்களோடு மட்டுமே பேசும், ஆனால் வீச்சிலும் சிக்னல் உறுதியிலும் முந்தையதை எளிதாகத் தாண்டும். ரிசீவர் உள்ளேயே இருக்கும் ஆயத்த விமானங்களை வாங்கிப் பறக்கவிட நினைப்பவர் மல்டி வகையை எடுக்கலாம். தன் விமானத்தைத் தானே கட்டி, ரிசீவரையும் தானே வாங்கிப் பொருத்துபவருக்கு எல்ஆர்எஸ் வகையே சரி. பின்புறத்தில் தனி மாட்யூல் பொருத்தும் அறை இருப்பதால் எதை எடுத்தாலும் மற்றொன்றைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல். நான் எல்ஆர்எஸ் எடுத்தேன். பரணில் கிடந்த பழைய கிரிஸ்டல் ரிசீவர்கள் இரண்டு வகைக்குமே உதவாது.

இனி, இந்த டிரான்ஸ்மிட்டரில் அதிக நேரம் கேட்கும் பகுதிக்கு வருகிறேன். உள்ளே ஓடும் மென்பொருள் எட்ஜ்டிஎக்ஸ். ஓபன்டிஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்தது. பழைய கணினி ரேடியோக்களில் எலிவான், வி-டெயில், ஃபிளாப்பரான் என்று இறக்கை, வால் வகைகளின் பெயரிட்ட ஆயத்தக் கதவுகள் இருக்கும். வேண்டியதைத் திறந்து சதவீதத்தை மாற்றினால் போதும். எட்ஜ்டிஎக்ஸில் அப்படிக் கதவுகள் இல்லை. ஸ்டிக்கும் சுவிட்சும் தருவதை வாங்கும் இன்புட் பக்கம், எது எந்தச் சேனலுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று சொல்லும் மிக்ஸ் பக்கம், சர்வோவின் எல்லைகளையும் திசையையும் நடுவிடத்தையும் திருத்தும் அவுட்புட் பக்கம் என மூன்று அடுக்குகள் இருக்கின்றன. ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் எக்ஸ்போவும், முழு வீச்சைக் கூட்டிக் குறைக்கும் ரேட்டும் முதல் அடுக்கில் வருகின்றன. ஏலெரானோடு (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பரப்பு) ரட்டரையும் (வாலில் இடவலம் திருப்பும் பரப்பு) சேர்த்து அசைக்க வேண்டுமானால் இரண்டாம் அடுக்கில் ஒரு வரி போதும். சர்வோ தலைகீழாகத் திரும்பினால் மூன்றாம் அடுக்கு. எதை எந்த அடுக்கில் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டால், செய்ய முடியாதது என்று ஒன்றும் இல்லை. பதியும்வரை எளிய நான்கு சேனல் விமானத்துக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். பெட்டியோடு வரும் கையேடு இதில் எதையும் கற்றுத்தராது. கணினியில் ஓடும் கம்பானியன் என்ற இலவச மென்பொருளில் மாடலை (ஒரு விமானத்துக்கான அமைப்புகளின் தொகுப்பை) அமைத்து, அங்கேயே சோதித்துப் பார்த்துவிட்டு டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றுவதுதான் பெரிய எழுத்துக்கு ஏங்கும் கண்களுக்கும் நல்லது.

அமைப்புகளில் மற்ற எதையும் விட முதலில் செய்ய வேண்டியது மோட்டாரைப் பூட்டும் சுவிட்ச். க்ளோ எஞ்சின் ஓடினால் தெருவுக்கே தெரியும். நின்றால் நின்றதுதான், ஸ்டார்ட் செய்யாமல் அது சுற்றாது. இன்றைய விமானங்களின் மின்சார பிரஷ்லெஸ் மோட்டார் அப்படியல்ல. பேட்டரி இணைத்த கணத்திலிருந்து அது சத்தமில்லாமல் காத்திருக்கிறது. த்ராட்டில் ஸ்டிக்கில் சட்டைக் கை பட்டாலும் பத்து அங்குல புரொப்பெல்லர் முழு வேகத்தில் விரல் இருக்கும் இடத்தில் சுற்றும். எஞ்சின் காலத்துப் பழக்கத்தில் விமானத்தின் மூக்கைப் பிடித்துத் தூக்குபவர்கள் இதைத்தான் முதலில் மறக்க வேண்டும். எட்ஜ்டிஎக்ஸில் ஸ்பெஷல் ஃபங்ஷன் என்ற பக்கத்தில், எஸ்எஃப் என்ற இரு நிலைச் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது த்ராட்டிலுக்கான மூன்றாவது சேனலின் மதிப்பு எப்போதும் மைனஸ் 100 ஆகவே இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், ஸ்டிக் எங்கே இருந்தாலும் மோட்டார் அசையாது. சுவிட்ச் தவறான நிலையில் இருந்தாலோ த்ராட்டில் மேலே இருந்தாலோ டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தவுடன் எச்சரிக்கை வந்து நிற்குமாறும் வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே பெட்டியோடு வரும் மலிவுச் செட்டுகளைத் தவிர்க்கலாம் என்பேன்.

எக்ஸ்பிரஸ் எல்ஆர்எஸ் நான்கு மோட்டார் ட்ரோன் பந்தயக்காரர்களின் பட்டறையில் வளர்ந்தது என்பது விமானக்காரருக்கு ஓரிடத்தில் உறைக்கும். ட்ரோன்களில் ஐந்தாவது சேனல் மோட்டாரை உயிர்ப்பிக்கும் சுவிட்சாகவே பயன்படுவதால், வழக்கமான அமைப்புகளில் அந்தச் சேனல் இரண்டே நிலைகளைத்தான் அனுப்பும்: ஆன், இல்லாவிட்டால் ஆஃப். இறக்கையின் இரண்டாவது ஏலெரான் சர்வோவை இயல்பாக நினைவுக்கு வரும் ஐந்தாவது சேனலில் மாட்டினால், ஒரு ஏலெரான் ஸ்டிக்கின்படி மெல்ல நகர, மற்றது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குதிக்கும். அதை ஆறாவது சேனலுக்கோ அதற்கு மேலோ கொண்டுபோக வேண்டும். அதோடு முடியவில்லை. சுவிட்ச் மோட் என்ற அமைப்பு ஹைப்ரிட் என்று இருந்தால் ஆறாவது முதலான சேனல்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய படிகளில்தான் நகரும். விமானத்துக்கு வைட் என்ற அமைப்பாவது வேண்டும். இன்னும் நேர்த்தி தேவையானால் 100 ஹெர்ட்ஸ் ஃபுல் என்று ஒரு வேகம் இருக்கிறது. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்துக்கு நொடிக்கு 100 முறை தகவல் போனாலே தாராளம், பந்தயக்காரர்கள் பேசும் 500 நமக்கு அவசியமில்லை. டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் உள்ள எல்ஆர்எஸ் மென்பொருள் பதிப்புகளின் முதல் எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் வாங்கியவுடனே கவனித்துவிடுவது நல்லது. 2-இல் தொடங்குவதும் 3-இல் தொடங்குவதும் ஒன்றோடொன்று பேசாது. ரிசீவரின் பதிப்பை வைஃபை வழியாக மாற்றிக்கொள்ளலாம்.

சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற ஃபெயில்சேஃப் அமைப்பையும் ரிசீவரின் வைஃபை பக்கத்தில்தான் வைக்கிறோம். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மிதமாக ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்க்க வேண்டும்; மோட்டார் நின்று, மற்ற சர்வோக்கள் நடுநிலைக்கு வந்தால்தான் மைதானத்துக்குக் கிளம்பலாம்.

நான் கட்டிய விமானம் 1.2 மீட்டர் இறக்கை அகலமும், இறக்கை உடலுக்கு மேலே அமைந்த உருவமும் கொண்ட பயிற்சி விமானம். ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) வெட்டி, ஸ்பார் (நீளச் சட்டம்) ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் பிலிம் போர்த்தி முடிப்பதில் கை மறக்கவே இல்லை, மறந்தது கண்தான். நம் ஊர் ரோபோட்டிக்ஸ் கடைகளில் எங்கும் கிடைக்கும் ஏ2212 என்ற 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) மோட்டார், 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், 10 அங்குல விட்டமும் 4.5 அங்குல பிட்ச்சும் உள்ள புரொப்பெல்லர், மூன்று செல் 2,200 மில்லி ஆம்பியர் மணி லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), ஒன்பது கிராம் வகை சர்வோக்கள் நான்கு என்று உள்ளே எல்லாமே மலிவுச் சரக்கு. மலிவு சர்வோ ஒன்று மேசையிலேயே பல் போய் நின்றதால், எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) மட்டும் உலோகப் பல் உள்ளதாக மாற்றினேன். இத்தனை மலிவான உள்ளுறுப்புகளுக்கு மேல் ஒரு நல்ல டிரான்ஸ்மிட்டர் இருந்தால் என்ன வித்தியாசம் என்பது தரையிறங்கும்போது தெரிந்தது. இரு ஏலெரான்களும் பாதியளவு சேர்ந்து கீழிறங்குமாறு ஒரு ஸ்லைடரில் ஃபிளாப்பரானை வைத்திருந்தேன். ஸ்லைடரை இழுக்கும்போது மூக்கு மேலே எழும்பும். அதைச் சமன்செய்ய எலிவேட்டரை மிகச் சிறிதளவு கீழே தள்ளும் ஒரு மிக்ஸ் வரியை மைதானத்திலேயே சேர்த்து, அடுத்த சுற்றில் அதன் சதவீதத்தை ஒரு குமிழால் திருகித் திருகிச் சரியான எண்ணில் நிறுத்த முடிந்தது. பழைய நான்கு சேனல் செட்டில் இதற்கெல்லாம் வழியே கிடையாது. ஏலெரான் மேலே போகும் அளவை விடக் கீழே வரும் அளவைக் குறைக்கும் டிஃபரென்ஷியலையும் கொடுத்த பிறகு, திருப்பங்களில் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் பழைய தொல்லை பெருமளவு அடங்கிவிட்டது.

மைதானத்துக்குப் போவதற்கு முன் விரல்களைத் தயார்செய்ததும் இதே டிரான்ஸ்மிட்டர்தான். யுஎஸ்பி-சி கம்பியால் கணினியில் இணைத்தால் அது ஜாய்ஸ்டிக்காகிவிடுகிறது. பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரே போதுமானது, பணம் செலவழிக்க மனமிருந்தால் ரியல்ஃபிளைட் இருக்கிறது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும் அந்தக் குழப்பம்தான் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவரை முதலில் கவிழ்ப்பது. அதை பால்சா செலவில்லாமல் திரையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். பறக்கும்போது பிடிக்கப்போகும் அதே ஸ்டிக்குகளில் பயிற்சி நடப்பதால் கைப்பழக்கம் அப்படியே மைதானத்துக்கு வந்து சேர்கிறது.

4.3 அங்குல வண்ணத் தொடுதிரை வீட்டுக்குள் அழகு. இவ்வகைத் திரைகள் எல்லாவற்றையும் போல உச்சி வெயிலில் வெளிறும். நிழலுக்குத் திருப்பிப் பிடித்துத்தான் படிக்க முடியும். பறக்கும்போது கீழே குனிந்து திரையைப் பார்ப்பதே ஆபத்து என்பதால் இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் திரை சொல்ல வேண்டியதைக் குரலே சொல்லிவிடுகிறது. பேட்டரி மின்னழுத்தத்தை அளக்கும் வசதியுள்ள ரிசீவராக இருந்தால், விமானத்தில் உள்ள மின்னழுத்தம் டெலிமெட்ரி (விமானம் திருப்பி அனுப்பும் தகவல்) வழியாக டிரான்ஸ்மிட்டருக்கு வரும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அறிவிப்பு ஒலிக்கும். ஒலிக்கோப்புகள் எஸ்டி கார்டில் சாதாரண வேவ் கோப்புகளாகவே இருப்பதால், நம் குரலிலேயே பதிவுசெய்து ஆறு எழுத்துக்கு மிகாத ஆங்கிலப் பெயரில் சேமித்துவிட்டால் போதும். என்னுடைய செட் இப்போது "மோட்டார் பூட்டியாச்சு", "பேட்டரி குறையுது, எறக்குங்க" என்று என் மனைவியின் குரலில் பேசுகிறது. அவர் சொன்னால் உடனே இறக்கிவிடுகிறேன் என்று நண்பர்கள் கேலி செய்வது தனி. செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் வந்ததும் இறங்குமாறு வைத்திருப்பதால் லிப்போக்கள் உப்பாமல் இருக்கின்றன.

கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என இரண்டும் இருப்பதால், நகரை ஒட்டிய பெரும்பாலான வெற்றிடங்களில் முன் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிட இயலாது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வெளியிடப்பட்ட, அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்படும் இடத்தைத் தேர்ந்து, அங்கும் 400 அடி உயரத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே பறக்க வேண்டும். அப்படித் தேடினால் தெற்கே கொஞ்ச தூரம் வண்டி ஓட்ட நேரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ஒரு கிலோவுக்கும் குறைவான விமானத்தை எடுத்துக்கொண்டு போவது வீண். அந்த மாதங்களில் அடுத்த விமானத்துக்கு ரிப் வெட்டலாம்.

இந்த டிரான்ஸ்மிட்டர் எல்லோருக்கும் தேவையா என்றால் இல்லை. ஆர்வம் மறுபடி ஒட்டுமா என்றே தெரியாதவர், அல்லது பள்ளிக்குப் போகும் பேரனுக்காக மட்டும் இறங்குபவர், நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஃப்ளைஸ்கை ஐ6 வாங்கலாம். ஆறு சேனல், நான்கு சாதாரண ஏஏ பேட்டரிகள், கறுப்பு வெள்ளைத் திரை; டிஎக்ஸ்16எஸ் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் விலை. ஐ6-இன் மெனுக்கள் பழைய ரேடியோக்காரர்களுக்கு உடனே பிடிபடும் என்பதும் அதற்குச் சாதகம், ஆனால் இரண்டாவது விமானத்திலேயே அதன் எல்லை தெரிந்துவிடும். எட்ஜ்டிஎக்ஸும் எல்ஆர்எஸும் வேண்டும், கை நிறையப் பணம் கொடுக்க விருப்பமில்லை என்பவருக்கு அதே ரேடியோமாஸ்டரின் பாக்கெட் இருக்கிறது: ஹால் ஸ்டிக்குகளும் அதே மென்பொருளும், ஆனால் சிறிய உடலும் சிறிய திரையும். விரல் நுனிகளால் பிடித்துப் பறக்கும் பழக்கம் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன் அதை ஒரு முறை கையில் வைத்துப் பார்க்கட்டும். பாக்கெட்டில் தொடங்கிப் பிறகு பெரியதற்கு மாறினாலும், அதுவரை அமைத்த மாடல்களை கம்பானியன் வழியாக மாற்றிக்கொள்ளலாம், ரிசீவர்களையும் அப்படியே பயன்படுத்தலாம். சுவிட்சுகளின் எண்ணிக்கை இரண்டிலும் வேறு என்பதால் மோட்டார் பூட்டு எந்தச் சுவிட்சில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் புரொப்பெல்லர் மாட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.